பூட்டிய அலமாரியும் போதாத சதையும்

“போதலைம்மா.”

“எது போதலை டாக்டர்?”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து எடுத்த சதை. புது மருந்து ஆய்வுல சேர்க்கணும்னா அதுல ஒரு அடையாளம் இருக்கான்னு பார்க்கணும். பார்க்கிற அளவுக்கு மிச்சம் இல்லை.”

“இன்னொரு தடவை எடுங்களேன்.”

“அவர் தாங்கமாட்டார்.”

“அப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்…”

அதற்குள் பெரிய டாக்டரின் போன் அடித்தது. ‘ஒரு நிமிஷம்’ என்று விரலால் காட்டிவிட்டு வெளியே போனவர்தான். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

கணவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அன்றைக்குக் கேட்காமல் விழுங்கியது மட்டும் மீன் முள்ளைப்போல அவள் தொண்டையிலேயே நின்றது. உள்ளேயும் இறங்கவில்லை, வெளியேயும் வரவில்லை.

அதனால்தான், எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி “சதை போதலைன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க” என்று சொன்னதும் அண்ணியின் கையிலிருந்த பேனா நின்றது.

அண்ணி என்பது பெயரல்ல, உறவு. கணவனின் தம்பி அப்படிக் கூப்பிட்டான். அவனைப் பார்த்து வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள். இப்போது இன்ஸ்பெக்டர்கூட போனில் “அண்ணி இருக்காங்களா” என்றுதான் கேட்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மெஷின் கிரீச்சிடும்போதெல்லாம் மேலே பேச்சை நிறுத்த வேண்டும்.

“நம்ம ஆபீஸ்ல இருந்து ரகசியம் வெளியே போகவே போகாது. உள்ள இருக்கிறவங்களுக்கே கேக்காது” என்பான் கொழுந்தன். வாயால் மூன்று வேலைகளை இழந்தவன். நான்காவது வேலைதான் அண்ணி.

“எந்த டாக்டர் சொன்னார்?” என்று அண்ணி கேட்டாள்.

“பெரிய டாக்டர்.”

அண்ணி புன்னகைத்தாள். ஜன்னலோரம் நின்றிருந்த கொழுந்தன் அதைக் கவனித்துவிட்டான்.

“அண்ணி, நீங்க சிரிச்சா யாருக்கோ கெட்ட நேரம். போன தடவை சிரிச்சப்ப ஒருத்தன் ஜெயிலுக்குப் போனான்.”

வந்திருந்தது இரண்டு பெண்கள். பேசியவள் மாமியார், லாண்டரி நடத்துபவள். அவள் புடவை மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும், அப்படி ஓர் இஸ்திரி. பக்கத்தில் மருமகள், தையல் கடைக்காரி. நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னால் நம்ப முடியாத வயசு. பேச்சு முழுக்க மாமியாருடையதுதான். மருமகளோ கொழுந்தனின் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

“கழட்ட வேண்டாம். அப்படியே நில்லுங்க. பேசினா குத்திரும்.”

“அடேயப்பா” என்றாள் அண்ணி. “எத்தனையோ வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே, இவன் வாயை அடைக்க ஒரு ஊசி போதும்னு.”

மருமகள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமெடுத்தது. அது அடங்கும்வரை மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“பீடி, சிகரெட் பக்கம்கூடப் போகாத பொண்ணு இவ” என்றாள் மாமியார். “புது மருந்து வந்திருக்காம். எல்லாருக்கும் கேக்காதாம். கட்டியில ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருந்தா மட்டும் கேக்குமாம். அந்த ஆஸ்பத்திரியிலயே ஆய்வு நடக்குது. இந்த மாசக் கடைசியோட ஆள் சேர்க்கிறதை நிறுத்துறாங்க. அடையாளம் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்கன்னா, சதை தீர்ந்துபோச்சாம். தீர்றதுக்கு அது என்ன சோப்புக் கட்டியா?”

“மறுபடி எடுக்க முடியாதா?”

“சதை எடுக்க ஊசி குத்தினதுல நுரையீரல் சுருங்கி, இவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி தொட மாட்டோம்னுட்டாங்க. நெஞ்சுல நீர் கோத்து பாட்டில் பாட்டிலா எடுத்தாங்களே, அதையாவது கொஞ்சம் தெளிய வச்சு அடியில என்ன நிக்குதுன்னு பார்த்தாங்களா? கொட்டியிருப்பாங்க.” மாமியார் முன்னால் சாய்ந்தாள். “நான் கறை போக்குற தொழில்ல இருக்கேன் அண்ணி. இந்த ஒரு கறையை மட்டும் போக்க விரும்பலை. அந்த ஆள் வெள்ளைக் கோட்டு மேல அப்படியே அப்பிவிடணும். ஊர் பார்க்கணும்.”

“அத்தை, எனக்கு மருந்து கிடைச்சாப் போதும்” என்றாள் மருமகள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

“நீ சும்மா இரு கண்ணு. மருந்து உனக்கு. பழி எனக்கு.”

எனக்கும்தான் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். மருமகளிடம் ஓர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மேஜைக்கடியில் கொழுந்தன் தன் டப்பாவைத் திறந்து அரை வெள்ளரிக்காயை வெளியே எடுத்தான். உடம்பைக் குறைக்கிறானாம். காய்ந்து சுருங்கியிருந்த வெட்டு முகத்தைப் பேனாக்கத்தியால் சீவிக் குப்பையில் போட்டான், அடுத்த துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான், டப்பாவை மூடினான்.

*

“வேணும்னே ஆளைக் கழிக்கிறார். நிச்சயம் அதுதான்” என்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி சொன்னாள். “ஆய்வுல இடம் கொஞ்சம்தான் இருக்கும். தனக்கு வேண்டியவங்களுக்கு ஒதுக்கிட்டு, மத்தவங்ககிட்ட சதை போதலைன்னு கதை விடறார்.”

“ஆதாரம்?”

“இனிமேதான் கிடைக்கணும்.”

“ஆளைப் பிடிச்சு வச்சுட்டு அப்புறம் குற்றம் தேடறீங்களே அண்ணி. இது போலீஸ்காரங்க செய்யற வேலையாச்சே.”

அண்ணி படியேறினாள். தம்பிக்குத் தெரியும், அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான் என்று.

ஆய்வுப் பிரிவு மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட அறை. ‘பங்கேற்பாளர்கள் தேவை’ என்ற சுவரொட்டி வெயிலில் வெளுத்திருந்தது. அதன் கீழே ஆய்வு நர்ஸ் தனியாக உட்கார்ந்து, யாரும் உட்காராத நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச ஆள் கிடைத்ததே என்று கொட்டித் தீர்த்தாள்.

“இடம் இல்லையா? யார் சொன்னா? இடம் ஈ ஓட்டுது. பத்துப் பேரைத் தேடிப் பிடிச்சா ஒருத்தருக்குத்தான் அந்த அடையாளம் இருக்கும். அந்த ஒருத்தரைக் கண்டுபிடிக்கலாம்னு போனா, சதை தீர்ந்துபோச்சுன்னு சீட்டு வரும். ஆள் சேரலைன்னு மருந்துக் கம்பெனிக்காரங்க மாசக் கடைசியில மூட்டை கட்டுறாங்க.”

“பெரிய டாக்டருக்கு இதுல சந்தோஷம்தானே?”

நர்ஸ் விழித்தாள். “அவருக்கா? இந்த ஆய்வைக் கொண்டுவந்ததே அவர்தானே மேடம். தூக்கமில்லாம அலையறார். நேத்துகூட அந்த மூலை நாற்காலியில உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டிருந்தார்.”

வெளியே வந்ததும் கொழுந்தன் தொண்டையைச் செருமினான். “நல்ல வில்லன் அண்ணி. தன் வீட்டுக்குத் தானே தீ வச்சுட்டு, தானே வாளி எடுத்துட்டு ஓடறார்.”

மாடிப்படியில் உட்கார்ந்து அவன் டப்பாவைத் திறந்தான். வெள்ளரிக்காயின் முகம் மறுபடி காய்ந்திருந்தது. சீவினான், எறிந்தான், ஒரு துண்டு தின்றான், மூடினான். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் பழிவாங்க வந்தோமோ அந்த ஆளே பாதிக்கப்பட்டவனாக மாறி நின்றால் ஏற்படும் எரிச்சல் இருக்கிறதே, அது தனி ரகம்.

“சரி. ஆளை விடு” என்றாள். “சதை எங்க போச்சு? அதைப் பிடிப்போம்.”

*

பரிசோதனைக்கூடம் தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. அதன் தலைவி, ஒல்லியான கண்ணாடிக்காரி, அனுமதிக் கடிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியால் இரும்பு அலமாரியைத் திறந்தாள்.

“சாவி ஒண்ணே ஒண்ணுதான். அது என்கிட்டதான் இருக்கும். திருட்டுன்னு நினைச்சு வந்திருந்தீங்கன்னா என்னைத்தான் பிடிக்கணும்.”

“அவசரப்படாதீங்க, வரிசையில வருவோம்” என்றான் கொழுந்தன்.

தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் கூடு ஒன்றை அவள் மேஜையில் வைத்தாள். அதற்குள் வெள்ளை மெழுகு. எடுத்த சதையை மெழுகுக்குள் பதித்து வைப்பார்கள், ‘பிளாக்’ என்பார்கள். மருமகளுடைய பிளாக்கில் மெழுகு அப்பளமாய்த் தேய்ந்திருந்தது. நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் மட்டும்.

“முதல்ல எவ்வளவு இருந்தது?”

“அரிசியை நீளவாக்கில வச்ச மாதிரி. நல்லாவே இருந்தது.”

“எவ்வளவு செலவாச்சு?”

“மூணு சோதனைக்கு வெட்டிக் கொடுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் சில சீவல். ஒரு சீவல் தலைமுடியைவிட மெல்லிசு.”

அண்ணி நிமிர்ந்தாள். “அப்ப எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் ஒரு காகித கனம்கூட வராதே. மிச்சச் சதை எங்கே?”

“பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் சீட்டு எழுதிக் கேட்டதைத்தான் கொடுத்தேன். ஒண்ணுகூடக் கூடுதலா எடுக்கலை.”

பூட்டிய அலமாரி. ஒரே சாவி. உள்ளே வைத்த சதை தேய்ந்திருக்கிறது. எடுத்தவர்கள் எடுத்ததற்குக் கணக்கு காட்டுகிறார்கள், அது இம்மியளவுதான். இன்சூரன்ஸ் காலத்தில் பூட்டிய கிடங்கிலிருந்து மறைந்த மூட்டைகளை அண்ணி பார்த்திருக்கிறாள். அங்கே எலியாவது இருந்தது.

கொழுந்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். வெட்டும் மெஷினுக்குக் கீழே ஒரு கூடை நிறைய மெழுகுச் சுருள்கள். பக்கத்து மேஜையில் நீண்ட பெட்டிகள். உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தகடுகள்.

“ஒரே ஆளோட சதையை இத்தனை கண்ணாடியில ஒட்டியிருக்கீங்க. கல்யாண ஆல்பமா?”

“அது மார்பகப் பிரிவு. தொடாதீங்க.”

அண்ணி அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான கூடுகள், வருஷவாரியாக.

“இதெல்லாம் எப்ப தூக்கிப் போடுவீங்க?”

“அவ்வளவு சீக்கிரம் போட மாட்டோம். ஆள் போனாலும் பிளாக் இருக்கும்.”

அண்ணியின் கை அலமாரிக் கதவிலேயே ஒரு கணம் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, “நன்றி” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். கொழுந்தன் அலமாரியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தான்.

*

கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“அண்ணி, என் வெள்ளரிக்காய்க்குக் கால் முளைச்சிருக்கு.”

“என்ன?”

“பாருங்க.” டப்பாவைக் கவிழ்த்தான். ஒரு குச்சித் துண்டுதான் விழுந்தது. “காலையில அரைக் காய். நான் தின்னது மூணே மூணு துண்டு. அதுவும் உடம்பைக் குறைக்கிறவன் தின்ற துண்டு, கண்ணாடி மாதிரி. மிச்சம் எங்க? சத்தியமா நான் தின்னலை.”

“நீதான் சீவிச் சீவிக் குப்பையில போட்டியே.”

“காய்ஞ்சிருந்தா சீவ வேண்டாமா? ஒவ்வொரு தடவை எடுக்கிறப்பவும் முகம் கோணிக்கிட்டு நிக்குது. முதல்ல அதைச் சமன் பண்ணினாத்தான் ஒழுங்கா ஒரு துண்டு…”

சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைத் திறந்தபடி நிறுத்தினான். அண்ணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கூடை” என்றாள் அண்ணி.

“மெழுகுச் சுருள்” என்றான் அவன்.

“பிளாக்கை ஒவ்வொரு தடவை மெஷின்ல மாட்டறப்பவும் அது பழைய கோணத்துல உக்காராது. முகத்தைச் சமன் பண்ணணும். சீவி எறியணும். அதுக்கப்புறம்தான் நல்ல சீவல். ஒரே தடவையில உக்காந்து எல்லாத்துக்கும் வெட்டியிருந்தா ஒரு தடவை எறிஞ்சிருப்பாங்க. அவர் ஒவ்வொண்ணா எழுதிக் கேட்டிருக்கார். முதல்ல ஒரு அடையாளம் இருக்கான்னு பாரு. இல்லையா? அடுத்தது. அதுவும் இல்லையா? அதுக்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, சமன் பண்ணி, எறிஞ்சு…”

“பூனைக்கு அப்பம் பிரிச்ச குரங்கு” என்றான் கொழுந்தன் மெதுவாக. “இந்தப் பக்கம் கூடுது, அந்தப் பக்கம் கூடுதுன்னு கடிச்சுக் கடிச்சு, கடைசியில அப்பமே இல்லை. ஆய்வுக்கு வேண்டிய அடையாளம் அவர் வரிசையில கடைசியில இருந்திருக்கு.”

“ஊகம் பண்ணியிருக்கார் தம்பி. குதிரைப் பந்தயம் மாதிரி, எது ஜெயிக்கும்னு தன் கண்ணுக்கே தெரியும்னு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நோயாளியோட சதையை வச்சு.”

இத்தனை வருஷமாக ஒரு கெட்டவனைத் தேடியிருந்தாள். கிடைத்திருப்பது ஒரு கர்வக்காரன். இதற்காகவா என்று நினைத்தபோது கோபம் குறையவில்லை, கூடியது. அவள் எழுந்தாள். மூன்றடி வைத்ததும் நின்றுவிட்டாள்.

“தம்பி, அந்த ஆல்பம்.”

*

பரிசோதனைக்கூடத் தலைவி மெஷினை மூடிக்கொண்டிருந்தாள்.

“மார்பகப் பிரிவு டாக்டர் இத்தனை தகடு கேட்டாரா?” என்று அண்ணி கேட்டாள்.

“இல்லை.”

“கேக்காமலே ஏன் வெட்டி வச்சீங்க?”

“பின்னாடி தேவைப்படும். ஒரே தடவையில வெட்டி வச்சா…” அவள் நிறுத்திக்கொண்டாள்.

“வீணாகாது” என்று அண்ணி முடித்தாள். “உங்களுக்கு வழி தெரியும். மத்த பிரிவுக்கெல்லாம் கேக்காமலே செய்யறீங்க. பெரிய டாக்டருக்கு மட்டும் செய்யலை.”

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

“சொன்னேன். எல்லாரும் இருந்த கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன், மொத்தமா ஒரே சீட்டுல எழுதிக் கொடுங்க, மொத்தமா வெட்டறேன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘நீங்க வெட்டறதோட நிறுத்திக்கங்க, யோசிக்கிறதை நான் பார்த்துக்கறேன்’னார். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நிறுத்திக்கிட்டேன். அன்னைக்கிலேருந்து அவர் எழுதினதை மட்டும் வெட்டறேன். ஒரு சீட்டு, ஒரு வெட்டு, திரும்ப அலமாரி. ஆய்வு மேல ஆய்வா படுத்துப்போச்சு. அவர் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.” அவள் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது. “நான் ஒரு விதியைக்கூட மீறலை.”

“நடுவுல படுத்திருந்தவங்க?”

அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

“அந்தக் கூட்டம் எப்ப நடந்தது?”

சொன்னாள். அது அண்ணியின் கணவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு முந்தைய மாசம்.

பக்கத்தில் கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு புகார் போதும். இந்த அறைக்குப் பூட்டு விழும். இவள் வேலை போகும், அவர் பெயர் போகும். கையில் வெண்ணெயாகத் திரண்டு நிற்கிறது பழி. ஆனால் அறைக்குப் பூட்டு விழுந்தால் விசாரணை முடிய மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆய்வு மூட்டை கட்டிவிடும். பொத்தான் தைத்துக் கொடுத்த பெண் அந்தப் பூட்டுக்கு வெளியே நிற்பாள்.

‘கொட்டியிருப்பாங்க’ என்று மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது.

“நெஞ்சுல எடுத்த நீர்” என்றாள் அண்ணி. “அதைக் கொட்டிட்டீங்களா?”

தலைவி எழுந்து வேறொரு அலமாரியைத் திறந்தாள். அதில் கூடுகள் சின்னதாக, தனி வரிசையில் இருந்தன. ஒன்றை எடுத்து வைத்தாள். மெழுகு தடிமனாக, யாரும் தொடாமல் இருந்தது.

“நீர்ல இருக்கிற செல்லைத் தெளிய வச்சு, அதையும் மெழுகுல பதிப்போம். அது பழக்கம்.”

“இதுல சோதனை செய்யலாமா?”

“செய்யலாம்.”

“ஏன் சொல்லலை?”

“அவர் கேக்கலை.”

அண்ணி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பழிவாங்கத் துடிக்கும் தன் முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை அவள் கண்ணாடியில் பார்த்ததில்லை. இப்போது எதிரே நின்றவளிடம் பார்த்தாள்.

“உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க” என்றாள். “மாசக் கடைசி வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன். அந்தப் பிளாக்கை எடுத்துக்கிட்டு மேல வாங்க.”

*

பெரிய டாக்டர் அண்ணியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

அண்ணி கேண்டீனில் வாங்கிய வெள்ளரிக்காயை அவர் மேஜையில் வைத்தாள். கொழுந்தன் பேனாக்கத்தியை நீட்டினான்.

“ஒரு துண்டு கேளுங்க டாக்டர்.”

“என்ன விளையாட்டு இது?”

“கேளுங்க.”

கேட்டார். அவள் முகத்தைச் சீவி எறிந்துவிட்டு, காகிதம் போல ஒரு துண்டு கொடுத்தாள். காயை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள். “அடுத்தது கேளுங்க.” எடுத்தாள், கோணலைச் சீவினாள், எறிந்தாள், ஒரு துண்டு. மூடினாள். அதற்கடுத்த தடவை அவர் கேட்கவில்லை. மேஜைமேல் குவிந்திருந்த சீவல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்திசாலிதான். புரிந்ததும் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது.

“பெரும்பாலும் என் கணிப்பு சரியா இருக்கும்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

“சரியா இருந்தவங்க உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. தப்பா இருந்தவங்களுக்கு, போதலைன்னு சொல்லி அனுப்பினீங்க.”

கதவருகே பரிசோதனைக்கூடத் தலைவி நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தே சாதித்துவிடலாம் என்று நினைக்கும் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தார்கள்.

“இவங்ககிட்ட அந்தத் தையல்கார பொண்ணோட செல் இருக்கு. தொடாத பிளாக்” என்றாள் அண்ணி. “நீங்க கேட்டாத்தான் தருவாங்க. கேளுங்க.”

பெரிய டாக்டர் எழுந்து நின்றார். “எல்லாச் சோதனைக்கும்… மொத்தமா ஒரே தடவையில வெட்டிக் கொடுங்க.” ஒரு மூச்சு விட்டார். “நீங்க அன்னைக்குச் சொன்ன மாதிரி.”

தலைவி சீட்டை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

“போதுமா?” என்று கேட்டது கொழுந்தன்தான். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

தலைவி பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “தாராளமா போதும்.”

டாக்டர் ஆய்வு நர்ஸுக்குப் போன் செய்து, முடிவு வரும்வரை ஓர் இடத்தைப் பிடித்து வைக்கச் சொன்னார். கொழுந்தன் லாண்டரிக்குப் போன் செய்தான். மறுமுனையில் மாமியார், “அடையாளம் இருக்குதாமா?” என்று கேட்பது அறை முழுக்கக் கேட்டது. “பார்க்கறாங்கம்மா. இந்தத் தடவை நிஜமாவே பார்க்கறாங்க. உங்க மருமகளைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல அவங்ககிட்ட சம்மதம் கேக்கணுமாம்.”

தலைவி போய்விட்டாள். டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

“நீங்க யாருன்னு இப்ப ஞாபகம் வருது” என்றார். “என்ன செய்யப் போறீங்க? பத்திரிகையா? போலீஸா?”

இந்தக் கேள்விக்கு அண்ணி எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். குளிக்கும்போது, சாவி மெஷின் அலறும்போது, காலியாகக் கிடந்த பாதிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது. எல்லாமே கூர்மையான பதில்கள். நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன.

மேஜையில் போன் அடித்தது. டாக்டரின் கை பழக்கத்தில் அதன் பக்கம் போனது. மறு கையின் விரல், ‘ஒரு நிமிஷம்’ என்று உயர்ந்தது.

அண்ணி போன்மேல் தன் கையை வைத்தாள். அது அவள் உள்ளங்கைக்கடியில் அடித்து அடித்து ஓய்ந்தது.

“அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சுபோச்சு டாக்டர். அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஆரம்பிச்சேன்.”

“கேளுங்க.”

கொழுந்தன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அண்ணி எச்சில் விழுங்கினாள். முள் அசைந்தது.

“என் புருஷனோட பிளாக் கீழே அலமாரியில இருக்கு. ஆளனுப்பாதீங்க. நீங்களே போய், அவங்ககிட்ட நீங்களே சாவி கேட்டு வாங்கி, நீங்களே தேடி எடுத்துட்டு வாங்க. போதலைன்னு சொன்னீங்களே, அதை என் கையில வச்சுக் காட்டுங்க.”